ராக்காயியின் கன்னத்தில் ஒரு கை

ஜெராய் மலையின் முடியை மூடிய முகில் இன்னும் விலகவில்லை. வடக்கே அம்மலையும், தெற்கே கண்டற்காடுகளுக்கிடையே வளைந்து நெளிந்து தஞ்சோங் டாவாயின் கடல்வாயை நோக்கிச் செல்லும் மெர்போக் ஆறும் எல்லைகளாக அமைய, இடையே செமிலிங்கை அடுத்துக் கிடக்கும் மேட்டு நிலமெங்கும் எண்ணெய் தரும் செம்பனைகள் நிரைநிரையாய் நின்று, இரவெல்லாம் பெய்த மழையைத் தம் மட்டைகளின் அடியில் தேக்கிவைத்துக்கொண்டு, காற்று அசைக்குந்தோறும் சிறிது சிறிதாய்ச் சிந்திக்கொண்டிருந்த இளங்காலைப் பொழுது அது. ரப்பர் தரும் பால்மரங்கள் நின்ற நாளில் பெருங்கூட்டமாய் மக்கள் வாழ்ந்த நாவலடித் தோட்டத்தில் இன்று ஏதோ சில வீடுகளில்தான் அடுப்பெரிகிறது. ஏனையோர் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் குடியேறித் தொழிற்கூடங்களுக்குப் பணிக்குச் செல்கின்றனர். ஆயினும் திருவிழா என்று சொல்லிவிட்டால் போதும். அத்தனை பேரும் தத்தம் வண்டிகளில் வந்திறங்கி, சென்ற ஆண்டு விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடுவர்.

அத்திருவிழா எந்தத் தெய்வத்துக்கு என்று, நயமறிந்த நண்பரே, நீர் கேட்கக்கூடும். கல்லில் செதுக்கிய தெய்வத்துக்கன்று. செம்பில் வார்த்த தெய்வத்துக்குமன்று. துணியில் தீட்டிய ஒரு பெண்ணுக்கு. ராக்காயி என்பது அவள் பெயர். நூறாண்டுக்கு முன் இதே தோட்டத்தில் பால்மரம் சீவியவள். கொடுங்காய்ச்சல் பரவி வரிசை வீடுகளெல்லாம் முனகிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், வீடு வீடாய்ச் சென்று கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு, இறுதியில் அதே காய்ச்சலுக்குத் தானும் இரையானவள். அவள் உயிரோடிருந்த நாளில், தோட்டத்துரையின் மாளிகைக்கு விருந்தாக வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, தலையில் முக்காடும் கையில் பால்வாளியுமாக அவளை நிறுத்திவைத்து எண்ணெய் வண்ணத்தில் எழுதினாள். துரைமார் போன பின், பாழ்மாளிகையில் கிடந்த அவ்வோவியத்தைத் தோட்டத்து மக்கள் தூக்கிவந்து, நாவல் மரத்தடியில் சிறு கோயில் எடுத்து, முன்னே திரையிட்டு, காவல் தெய்வமாகக் கும்பிடலாயினர். கல்லுருவுக்குச் செய்வதையெல்லாம் அவளுக்கும் செய்தனர். ஆண்டுதோறும் விழாவுக்கு முந்தின நாள் அவள் முகத்துக்குப் பெண்கள் தேங்காய் எண்ணெய்க் காப்பிட்டனர். அன்பினால் செய்ததுதான். ஆனால் எண்ணெயும் புகையும் அடுக்கடுக்காய்ப் படிந்து, இப்போது திரையை விலக்கினால் இரண்டு கண்களும் மூக்கின் நுனியும் அன்றி வேறெதுவும் தெரிவதில்லை.

போன விழாவில் ராக்காயியின் முக்காட்டிலிருந்து ஒரு துண்டு வண்ணம் உதிர்ந்து பூத்தட்டில் விழுந்தது. கோயில் தலைவர் பரஞ்சோதிக்கு உறக்கம் போயிற்று. கேட்டவரையெல்லாம் கேட்டு, இறுதியில் சுங்கை பட்டாணியில் இருக்கும் சுகுமாரனைத் தேடிப் பிடித்தார். பழைய ஓவியங்களின் உடல்நிலையை ஒளியைக் கொண்டே அறிபவன் அவன். சுரண்டமாட்டான், நனைக்கமாட்டான், விரல் நுனியாலும் தீண்டமாட்டான். விதவிதமான ஒளிகளை வீசி, அவை திரும்பி வருவதைக் கருவியில் பிடித்து, எங்கே வெடிப்பு, எங்கே புண், எங்கே பிறர் பூசிய பூச்சு என்று சொல்லிவிடுவான். அவன் முதலில் விதித்த கட்டளை, தன் ஆய்வு முடியும்வரை ஓவியத்தை எவரும் தொடலாகாது என்பது. ஆகவே இவ்வாண்டு எண்ணெய்க் காப்பு இல்லை என்றாயிற்று. காப்பிடும் உரிமை பெற்ற மூத்தவள் காளியம்மாவின் முகம் அன்று முதல் சுருங்கியே இருந்தது.

இனி நம் கதைக்கு உரியவளிடம் வருவோம். சுகுமாரனின் மனைவி சாந்தினி. அவனுக்குத் துணையாயிருந்த பையன் சிங்கப்பூருக்குப் பணி தேடிப் போய்விட்டதால், ஒரு மாலை அவன் மனைவியை நோக்கி, "நீ வந்து விளக்குப் பிடிக்கிறியா? மூணு நாள் வேலைதான்" என்று கேட்டான். மகள் ஷீலா கல்லூரி விடுதிக்குப் போன பின், உப்பு போதுமா, கதவைப் பூட்டியாயிற்றா என்னும் அளவுக்கு உரையாடல் வற்றிப்போயிருந்த அவ்வீட்டில், அக்கேள்வி சாந்தினிக்குத் தேனாய்ப் பாய்ந்தது. கணவனோடு சேர்ந்து ஒரு வேலை! இருட்டறையில் இருவர் மட்டும்! அவள் பெட்டியைத் திறந்து கிளிப்பச்சைப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள். விளக்குப் பிடிக்கப் போகிறவளுக்குக் கிளிப்பச்சை எதற்கு என்று நீர் நகைக்கலாம், நகையும். அவள் அதை உடுத்தியதைக் கணவன் கண்டானா என்றால், அதுதான் இல்லை. அவன் வண்டியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் சாய்வொளி. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, விளக்கை ஓவியத்தின் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், மாலை வெயிலில் வயல்வரப்பு தெரிவது போல, பரப்பின் மேடுபள்ளங்களெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். சாந்தினி பிடித்தாள். "இன்னும் கீழ. இடது பக்கம் லா. போதும், அசையாதே" என்பவை தவிர அவன் வாயிலிருந்து அவளுக்கென்று ஒரு சொல் வரவில்லை. ஆனால் ராக்காயிக்கு வந்தன.

"ஐயோ, இந்தக் கன்னத்தப் பாரு. தோலு பூரா எழும்பி நிக்குது. ஒரு விரல் பட்டாக்கூட உதிர்ந்துடும். பாவம், எவ்ளோ தாங்கியிருக்கா!"

பாவமாம்! அவள் திரும்பி அவனைப் பார்க்க, விளக்கின் ஒளி விலகியது. "ஆடாம பிடி" என்றான் அவன். தன்னை நோக்கி அவன் ஒருநாளும் அச்சொல்லைச் சொன்னதில்லை என்பதை அவள் அப்போது நினைத்தாள். நினைத்தபின் அது போகவில்லை. அவன் முகத்தை அவ்வோவியத்தருகே கொண்டுபோய், மூச்சை அடக்கி, நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை விரற்கடை விரற்கடையாகப் பார்த்து இறங்கியதையும், பின் ஒரு பெருமூச்சு விட்டதையும் அவள் கண்டாள். உயிருள்ள பெண்ணொருத்தியை அவ்வாறு பார்த்திருந்தானாயின் கையும் களவுமாய்ப் பிடித்துக் கேட்டிருக்கலாம். சுவரில் தொங்கும் துணியைப் பார்ப்பவனை எப்படிக் கேட்பது? கேட்டால் ஊர் சிரிக்கும். கேட்க இயலாத பொறாமைதான் உள்ளே கிடந்து பெரிதாகிறது, நண்பரே. அதற்கு வெளியே போக வழியில்லை.

இரண்டாம் நாள் அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாத அவ்வொளிக்குப் புகைக்கறையும் மேற்பூச்சும் ஒரு பொருட்டல்ல. அவற்றைக் கடந்து உள்ளே சென்று, ஓவியர் வண்ணம் தொடுமுன் கரிக்கோலால் வரைந்த முதற்கோடுகளைக் கணினித்திரையில் கொண்டுவந்து காட்டிவிடும். திரையில் எழுந்த உருவைக் கண்டு சுகுமாரன் இருக்கையிலிருந்தே எழுந்துவிட்டான்.

"சாந்தினி, இங்க வாயேன்! மொதல்ல இவ தலையக் குனிஞ்சிக்கிட்டுத்தான் நின்னிருக்கா. இந்தக் கோட்டப் பாரு. அப்புறந்தான் நிமிந்து நேராப் பாத்திருக்கா. வரைஞ்சவங்க நிமித்தினாங்களா, இவளே நிமிந்தாளான்னு தெரியலயே!"

அவன் குரலில் இருந்த குதூகலத்தை அவள் கடைசியாக எப்போது கேட்டாள் என்று எண்ணிப் பார்த்தாள். மகள் பிறந்தபோது என்று தோன்றியது. அன்று மாலை வீட்டில் உண்ணும்போதும் அதே பேச்சு. நிமிர்ந்தது ஏன், யார் சொல்லி நிமிர்ந்தாள், அந்த வெள்ளைக்காரி என்ன சொன்னாளோ என்று அவன் சோற்றைப் பிசைந்தபடியே பேசினான். குழம்பில் உப்பில்லை, அதை அவன் அறியவில்லை. சாந்தினி வேண்டுமென்றே போடாமல் விட்டிருந்தாள்.

அவளுடைய இடக்கைச் சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்புறமாய் வளைந்தது. இளமையில், கணவன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த நாளில், அவள் கையுறைத் தொழிற்கூடத்தில் பணியாற்றினாள். இயந்திரத்தின் கதவு ஒருநாள் அவ்விரலை நசுக்கிற்று. தேர்வெழுதும் கணவனின் மனம் கலங்கலாகாதென்று அவள் சொல்லாமல் விட்டாள். எலும்பு கோணலாய்க் கூடிற்று. திரும்பி வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. இன்று கேட்பான், நாளை கேட்பான் என்று காத்திருந்து, பிறகு காத்திருப்பதையும் விட்டு, நாலுபேர் நடுவே நிற்கையில் அவ்விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டாள். நூறாண்டுக்கு முன் செத்தவளின் கழுத்து எப்போது நிமிர்ந்தது என்று உண்ணாமல் உறங்காமல் ஆராய்கிறவன், தன்னோடு வாழ்கிறவளின் விரல் எப்போது வளைந்தது என்று கேட்டதில்லை. அன்று படுக்குமுன் அவள் ஒரு பையில் தன் புடவைகளை எடுத்து வைத்தாள். விழா முடிந்ததும் பண்டார் பாருவிலுள்ள தமக்கை வாசுகியின் வீட்டுக்குப் போய்விடுவது. திரும்புவதா வேண்டாவா என்பதை அங்கே இருந்து எண்ணிக்கொள்வது. அப்படித்தான் முடிவு செய்தாள்.

மூன்றாம் நாள், விழாவுக்கு முந்தின நாள். கோயிலின் புறத்தே கொட்டகையில் பெண்கள் கூடி, மறுநாள் மஞ்சள் நீராட்டுக்குப் பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தனர். "சும்மா ஒக்காந்திருக்காம வா தங்கச்சி" என்று காளியம்மா அழைக்கவே, சாந்தினியும் சென்று அரைத்தாள். நண்பகலில், கூரையருகே ஒளி கசிகிறதென்றும் இன்னும் கறுப்புத் துணி வேண்டுமென்றும் சொல்லி, சுகுமாரன் வண்டியை எடுத்துக்கொண்டு செமிலிங் கடைத்தெருவுக்குப் போனான். பெண்கள் உண்ணப் போயினர். சாந்தினி மஞ்சள் படிந்த கையை உதறிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்து, திரையை விலக்கி, ராக்காயியின் எதிரே நின்றாள்.

புகைக்கும் எண்ணெய்க்கும் அப்பாலிருந்து அக்கண்கள் இரண்டும் அவளை நேராகப் பார்த்தன. குனியாத பார்வை, நிமிர்ந்தவளின் பார்வை. என்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது இவளிடம் என்று சாந்தினி தேடினாள். ஒன்றுமில்லை. நேற்றுக் கணினித்திரையில் கண்டதும் வெயிலில் காய்ந்த ஒரு தோட்டக்காரியின் முகம், அவ்வளவுதான். அதுவே அவளைக் கொதிக்கச் செய்தது. பேரழகியிடம் தோற்றால் ஆறுதலுண்டு. தன்னைப் போன்ற ஒருத்தியிடம் தோற்பதற்கு ஆறுதலில்லை.

"ரெண்டு நாளா தொடாமத் தொடாமப் பாக்குறாரே. நான் தொட்டே பாக்குறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, இடக்கையை நீட்டி, அந்தக் கன்னத்தில் முழுதாய் அழுத்தி வைத்தாள். உள்ளங்கையின் கீழே உலர்ந்த சருகு நொறுங்குவது போல் ஏதோ நொறுங்கியது. கையை எடுத்தாள். நெல்மணியளவு வண்ணம் பெயர்ந்து, தரையில் எங்கோ விழுந்து மறைந்தது. அவள் நெஞ்சு ஒருகணம் இனித்தது. உண்மையைச் சொல்லவேண்டுமல்லவா, இனிக்கத்தான் செய்தது. மறுகணம் கன்னத்தில் ஒட்டிய மஞ்சளை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒரு கறையும் தெரியவில்லை என்று பலமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, திரையை இழுத்து மூடி வெளியேறினாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லையென்றே ஆகிவிடும் என்று அந்நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் விளக்குப் பிடித்தவள் அப்படி எண்ணியதுதான் வேடிக்கை.

பிற்பகலில் புறஊதா ஒளி. இறுதி ஆய்வைத் தாமும் காணவேண்டுமென்று பரஞ்சோதி விரும்பியதால், அவரும் காளியம்மாவும் பெண்கள் சிலரும் உள்ளே வந்து சுவரோரம் ஒதுங்கி நின்றனர். கதவும் சன்னலும் அடைபட்டன. சுகுமாரன் விளக்கை ஏற்றினான். கத்தரிப்பூ நிறத்தில் மங்கிய ஓர் ஒளி அறையெங்கும் பரவிற்று. "இந்த வெளிச்சம் பட்டா ஒவ்வொரு பொருளும் தன் நெறத்துல ஒளிரும். பழைய எண்ணெயெல்லாம் மங்கலாத் தெரியும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் திரையை விலக்கினான்.

ஆண்டாண்டாய்ப் பூசிய எண்ணெய், பால் திரிந்தாற்போல் ஓவியம் முழுவதும் வெளிறித் தோன்றியது. அதன் நடுவே, ராக்காயியின் கன்னத்தில், எலுமிச்சை நிறத்தில் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது ஒரு கை. ஐந்து விரலும் விரிந்த, ஒரு பெண்ணின் கை.

காளியம்மா தரையில் விழுந்தாள். "ஆத்தா! கையக் காட்டிட்டியே ஆத்தா!" என்று அவள் கதற, மற்றப் பெண்கள் குலவையிட்டனர். அச்சிறு கோயில் அதிர்ந்தது. பரஞ்சோதி தலைக்குமேல் கைகூப்பினார்.

"இந்த வருசம் காப்பு இல்லன்னு சொன்னோம்ல, அதான் கேட்டு வாங்குறா!" என்றாள் காளியம்மா. "கன்னத்துல கைய வச்சுக் கேக்குறா தலைவரே!"

"குடுத்துடுவோம்க்கா. நாளைக்கு விழாவுல, வந்த பொம்பளைங்க அத்தன பேரும் மஞ்சளும் எண்ணெயும் தொட்டு, ஆத்தா கை வச்ச எடத்துலயே கைய வச்சுக் கும்பிடட்டும்" என்றார் அவர். அவர் கண்களில் நீர் வழிந்தது.

நண்பரே, சாந்தினியின் நிலையை எண்ணிப் பாரும். அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாய் திறவாமல் நின்றால் போதும். நாளை உச்சிப்பொழுதுக்குள், நெருக்கித் தள்ளும் கூட்டத்தில், கை மேல் கை பட்டு, எழும்பி நிற்கும் வண்ணமெல்லாம் பொடிப்பொடியாய் உதிர்ந்து, ராக்காயி என்பவள் எண்ணெயில் நனைந்த வெறுந்துணியாய் ஆகிவிடுவாள். பழி எவர் மீதும் விழாது. பக்தியின் பேரால் எல்லாம் முடிந்துவிடும். அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலைப் பார்த்து, நடுவிரலைப் பார்த்து, பின் நடுக்கணுவில் வெளிப்புறமாய் வளைந்திருந்த சுண்டுவிரலைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டான். மெல்லத் திரும்பி, இருளில் நின்ற மனைவியை நோக்கினான். அறிந்துவிட்டான் என்று அவள் அறிந்தாள்.

"நீங்க சொல்லுங்க சார். படிச்சவரு நீங்க. இது யாரு கை?" என்று கேட்டார் பரஞ்சோதி.

சுகுமாரன் விளக்கை அணைத்தான். இருட்டில் அவன் குரல் வந்தது. "எனக்குத் தெரியல தலைவரே."

கண்டதைக் காணவில்லை என்று தன் வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லாதவன் அவன். பெருஞ்செல்வர் ஒருவரின் ஓவியத்தைப் போலியென்று அவர் முகத்துக்கெதிரே சொல்லி வாய்ப்பை இழந்தவன். உறவினர் வீட்டுப் படத்தைக்கூட அழகென்று பொய்யாய்ப் புகழாதவன். அத்தகையவன் இப்போது பொய் சொன்னான். அப்பொய்யினால் நாளை ராக்காயி அழிவாள் என்பதையும் அவன் அறிவான். ஊரார் நடுவே மனைவி தலைகுனிய வேண்டுமா, ராக்காயி அழிய வேண்டுமா என்று நிறுத்துப் பார்த்து, ராக்காயியைக் கைவிட்டான். மூன்று நாளாய்ச் சாந்தினியின் நெஞ்சில் எரிந்தது எதுவோ, அதற்கு எரிபொருள் அந்த நொடியில் தீர்ந்துபோயிற்று. மிஞ்சியது நாணம் ஒன்றுதான். அது பொறாமையைவிடச் சுட்டது.

"அந்த வெளக்கப் போடுங்க" என்றாள்.

அவன் அசையவில்லை. அவளே முன்வந்து, இருளில் தடவி விளக்கை ஏற்றினாள். பின் முந்தானைக்குள்ளிருந்து இடக்கையை எடுத்து, அத்தனை பேரும் காண, விரல்களை விரித்து ஒளியில் நீட்டினாள். மஞ்சள் அரைத்த கை. எலுமிச்சை நிறத்தில் அதுவும் எரிந்தது. பெண்கள் தத்தம் கைகளைப் பார்த்துத் திடுக்கிட்டனர். அவர்கள் கைகளும் எரிந்தன. ஆனால் கோணல் விரல் ஒன்றே இருந்தது.

"ஆத்தா கை இல்லீங்க. என் கை. மத்தியானம் யாரும் இல்லாதப்ப நான்தான் வச்சேன். தொட்டா உதிரும்னு தெரிஞ்சேதான் வச்சேன். கொஞ்சம் உதிர்ந்தும் போச்சு."

குலவை நின்றது. பரஞ்சோதியின் முகம் இறுகியது. "எதுக்கும்மா? எங்கள யாரையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு?"

"பொறாமைங்க" என்றாள் சாந்தினி. அச்சொல் வாயைவிட்டுப் போன பின்புதான் அழுகை வந்தது. "அவரு என்ன இப்படிப் பாத்ததே இல்லீங்க."

காளியம்மா தரையிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஒளிரும் கன்னத்தையும் ஒளிரும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். அதிசயம் கையைவிட்டு நழுவிய ஏமாற்றம் அவள் முகத்தில் வெளிப்படையாகவே இருந்தது. பிறகு அவளுக்கே அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"ராக்காயி மேலயா பொறாமைப்பட்ட? அவ உசுரோட இருந்தப்பவே, அவ மேல பொறாமைப்படாத பொம்பள இந்தத் தோட்டத்துல ஒருத்தி கெடையாதுன்னு எங்க பாட்டி சொல்லும். நீ கடைசியா வந்து சேந்திருக்க, அவ்ளோதான் லா. தலைவரே, விடுங்க. அவ சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நாமளே நம்ம ஆத்தாவ உரிச்சு எடுத்திருப்போம்."

பரஞ்சோதி எளிதில் இளகுபவர் அல்லர். தாடையைத் தடவிக்கொண்டே, இனி எண்ணெய்க் காப்பு ஓவியத்துக்கு இல்லை, வாசற்படியின் கல்லுக்கே என்றும், அதை நாளை வரும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சாந்தினியே நின்று சொல்லவேண்டும் என்றும் தீர்ப்பளித்துவிட்டு, வெளியே போனார். மற்றவரும் போயினர்.

கணவனும் மனைவியும் தனித்திருந்தனர். சுகுமாரன் மண்டியிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து, உதிர்ந்த துணுக்கைத் தேடினான். கிடைத்தது. மெல்லிய தூரிகையால் அதை ஏந்திச் சிமிழில் இட்டு மூடும்வரை அவளை அவன் பார்க்கவில்லை. "இத ஒட்டிடலாம்" என்றான் பிறகு. "ஆனா பழையபடி ஆகாது. கோபமாத்தான் இருக்கு எனக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன்."

"அவங்ககிட்ட மட்டும் தெரியலன்னு சொன்னீங்களே."

வெளியே ஜெராய் மலையிலிருந்து இறங்கிய மழை கூரைத்தகட்டின் மீது வந்து விழத் தொடங்கியிருந்தது. சாந்தினி தன்னை அறியாமலே வலக்கையால் இடக்கைச் சுண்டுவிரலைப் பிடித்துத் தேய்த்தாள்.

"இதோ, இப்படித்தான்" என்றான் அவன். "மழ வந்தா அந்த வெரலத் தேய்ப்ப. சோறு பிசையும்போது அது மட்டும் தட்டுல படாது. ஆளுங்க இருந்தா முந்தானைக்குள்ள போயிடும். நான் படிப்ப முடிச்சு வந்த அன்னைக்கே பாத்தேன். என்னப் படிக்க வைக்க வேலைக்குப் போன எடத்துல வந்ததுன்னு தெரியும். கேட்டா அழுவியோன்னு கேக்கல. அப்புறம், எப்படிக் கேக்குறதுன்னே தெரியாமப் போச்சு."

"பாத்துக்கிட்டே இருந்தாப் போதுமாங்க?"

அவன் கற்ற கலை முழுவதும் தொடாமலிருப்பதற்கே அவனைப் பழக்கியிருந்தது. துணிக்கும் வண்ணத்துக்கும் அது நன்று. நோகாமல் நோய் அறியலாம். மனைவிக்கும் அதையே செய்துவந்தான் அவ்வறிவாளி. சற்றே தயங்கி, கருவிகளைத் தொடும்போது இருக்கும் உறுதி சிறிதுமின்றி, அவன் கை நீட்டி அவ்விரலைப் பிடித்தான். பிடிக்கத் தெரியாத பிடி, வலித்தது. அவள் விலக்கிக்கொள்ளவில்லை.

விழா நடந்தது. வாசற்படியில் கிளிப்பச்சைப் புடவையோடு நின்று, வந்தவரிடமெல்லாம் தான் செய்ததையும் இனிச் செய்யலாகாததையும் சாந்தினி சொன்னாள். சிலர் திட்டினர், சிலர் கேலி செய்தனர், ஒருத்தி அணைத்துக்கொண்டாள். மறுவாரம் பண்டார் பாருவுக்கும் அவள் போகத்தான் செய்தாள். கட்டிய பையைப் பிரிப்பானேன் என்றாள். வண்டியோட்டிச் சென்று விட்டவன் சுகுமாரன். திரும்ப அழைத்துவரப் போனவனும் அவனே.

உதிரும் வண்ணத்தையெல்லாம் அவன் பையப்பைய ஒட்டவைத்தான். நெல்மணித் துணுக்கும் தன் இடத்தில் அமர்ந்தது. ஆயின் கன்னத்தின் வெடிப்புகளுக்குள் ஊறிவிட்ட மஞ்சளை எடுக்கப் புகுந்தால் கன்னமே போய்விடும் என்று கண்டு, அதை மட்டும் விட்டுவிட்டான். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். திரைக்குப் பின் இருளில் இருப்பவளுக்கு வெயில் ஏது? ஆகவே அக்கை அங்கே நெடுங்காலம் இருக்கும். இனி வரும் ஒரு தலைமுறையில், நம்மையும் இவர்களையும் அறியாத எவரோ ஒருவர், அதே கோயிலின் கதவை அடைத்து, அதே ஒளியை வீசுவார். நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணையும், அவள் கன்னத்தை ஏந்திய கோணல் விரற்கை ஒன்றையும் கண்டு வியப்பார். தாயோ, தங்கையோ, அவளைப் பிரிய மனமில்லாத தோழியோ தடவிய கை என்று எண்ணி, அவரும் சற்றே மனம் நெகிழ்வார். அது பொறாமையில் வைத்த கை என்பதை எந்த ஒளியும் அவருக்குக் காட்டாது.